வலப்பக்கம் தைத்த புத்தகம்

என் மைமூனுக்கு,

மைனி, முதலில் நல்ல செய்தி. உன் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இன்னும் நிற்கவில்லை. நீ போன மறுமாதமே நின்றுவிடும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. கடிதம் எழுதினால் உனக்குப் பிடிக்காது. "நாலு வீடு தள்ளி இருந்துக்கிட்டு என்னட்டி எழுத்து? வந்து வாயால சொல்லு" என்பாய். இப்போது எத்தனை வீடு தள்ளி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இந்த வருஷம் ஐப்பசியில் மழை ஏமாற்றவில்லை. கரிசல் செருப்பைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. நாகலாபுரத்தில் அண்ணன் பருத்தி போட்டிருக்கிறான். நம் தெருவில் ஒரு வீட்டுக்கு டெலிவிஷன் வந்துவிட்டது. தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள் எல்லோரும் அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் இப்போது ஒட்டுகிறார்கள். படத்தைப் பார்த்துக்கொண்டே ஒட்டியதில் மேல்பெட்டி அடிப்பெட்டிக்குச் சேராமல் போய், கம்பெனியில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். குச்சி அடுக்க மெஷின் வரப்போகிறது என்கிறார்கள். இன்னும் வரவில்லை. விடியுமுன் வேன் மட்டும் தவறாமல் வருகிறது.

அந்த வேனை நீ எவ்வளவு வெறுத்தாய்!

தொழுகை அழைப்பும் வேனின் ஹாரனும் நம் தெருவில் ஒன்றாகத்தான் கேட்கும். பள்ளிவாசலில் ஓதல் வகுப்பு விடிகாலைத் தொழுகை முடிந்ததும் தொடங்கும். பையன்கள் தொப்பியை மாட்டிக்கொண்டு கிழக்கே போவார்கள். அதே நேரம் பெண்பிள்ளைகள் தூக்குவாளியோடு வேனில் ஏறுவார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கியபடியே தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போவார்கள். பொழுது இறங்கித்தான் திரும்புவார்கள்.

நீயும் அப்படித்தான் போனாய். உன் வாப்பா இறந்த வருஷம். உனக்கு எட்டு வயது. அரபி எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்து முடித்து, சேர்த்து வாசிக்கத் தொடங்கிய வாரம். மறுநாள் படிக்க வேண்டிய பக்கத்தில் ஒரு துண்டு நீலத்தாளை அடையாளம் வைத்துவிட்டு வந்தாயாம். "அந்தப் பக்கத்துக்கு நான் திரும்பி வர பன்னெண்டு வருசம் ஆச்சுட்டி" என்று ஒருமுறை சொன்னாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நான் சிரிக்கவில்லை.

இருபது வயதுக்கு மேல் பள்ளிவாசல் ஹஜ்ரத்தின் மனைவியிடம் உட்கார்ந்து குர்ஆனை முழுதும் ஓதி முடித்தாய். அதோடு நின்றிருக்கலாம். உனக்கு வேன் உறுத்திக்கொண்டே இருந்தது.

*

நான் உயர்நிலைப் பள்ளியில் சேர நாகலாபுரத்திலிருந்து வந்தவள். அப்பா உங்கள் தெருவில் வீடு பிடித்தார். வந்த வாரத்திலேயே உன் உம்மாவும் என் அம்மாவும் ஒருவரையொருவர் மைனி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். கேட்டுக் கேட்டு நாமும்.

எங்கள் வீட்டில் தெலுங்கு. அம்மா மாட்டைத் திட்டுவது, என்னைக் கொஞ்சுவது, கணக்குப் போடுவது எல்லாம் தெலுங்கில்தான். ஆனால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெலுங்கு எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. உங்கள் வீட்டில் உம்மா தினமும் அரபி வாசிப்பார்கள். பொருள் தெரியாது. நான் எழுதத் தெரியாத மொழியைப் பேசினேன். நீ பேசத் தெரியாத மொழியை வாசித்தாய். நமக்கு நடுவில் தமிழ் இருந்தது. அதை நான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். உனக்குத் தீப்பெட்டி லேபிளில் இருந்த அளவுதான் தெரியும்.

மதுரையில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு எனக்குக் கொஞ்சம் திமிர் வந்திருந்தது. லீவில் வந்தபோது கேட்டேன்: "பொருள் தெரியாம ஒரு மொழிய எதுக்கு மைனி வாசிக்கணும்?"

நீ பெட்டி ஒட்டுவதை நிறுத்தவில்லை.

"ஒங்கம்மா ஒனக்கு ராராட்டுப் பாடுனாகளே, அப்ப ஒனக்குப் பொருள் தெரியுமா?"

"தெரியாது."

"தூங்குனயா இல்லயா?"

நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெட்டியை எடுத்து ஒட்டத் தொடங்கினேன்.

*

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் என்று நினைக்கிறேன். நான் எம்.ஏ. முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். நீ உம்மாவைக் கூட்டிக்கொண்டு ஹஜ்ரத்தைப் பார்க்கப் போனாய். என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். ஹஜ்ரத் கடற்கரை ஊர்க்காரர். பள்ளிவாசலில் தொழ வைப்பவர். மெல்லப் பேசுவார். அவர் கையெழுத்தை வாசிக்கத் தெரியாத நான்கூட நின்று பார்ப்பேன்.

"விடிஞ்சதும்தான் ஓதல் நேரம், மைமூன். அது நான் வெச்ச நேரமில்ல," என்றார்.

"புள்ளைகளுக்கு வேன் நேரமும் அதுதான், அசரத்து. அதுவும் புள்ளைக வெச்ச நேரமில்ல."

அதோடு நீ விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. மத்தியானத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலை ஒட்டிய மதரஸா ஹால் சும்மாதான் கிடக்கிறது. அந்த நேரத்தை இந்தப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். நீ சொல்லிக்கொடுப்பாய்.

"ஞாயித்துக்கெழம படிச்சது புதன்கெழம வரைக்கும் நிக்குமாம்மா?"

"நிக்கும் அசரத்து. சட்டம் அடுக்கையில சொல்லிக்கிட்டே இருப்பாளுக."

அவருக்குப் புரியவில்லை. நீ விளக்கினாய். மருந்தில் முக்குவதற்கு முன்னால் குச்சிகளை மரச்சட்டத்தில் அடுக்க வேண்டும். சக்கை என்கிற பள்ளம் வெட்டிய மரத்துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குச்சி. கண் பார்க்காமலே கை செய்யும் வேலை. வாய் சும்மாதான் இருக்கும். ஒரு சக்கை நிறைவதற்குள் ஒரு வரி. ஒரு சட்டம் நிறைவதற்குள் ஒரு பாடம். அந்த அளவுக்கு வெட்டி ஒரு புத்தகம் செய்தால்?

"கம்பெனியில ஒக்காந்து ஓதுறதா?" ஹஜ்ரத்தின் குரல் மாறியது.

"எழுத்துதான அசரத்து. குர்ஆன் ஆயத்த வீட்டுல கை கால் கழுவி ஒளு செஞ்சு ஓதட்டும். அலிஃப், பேன்னு எழுத்த எங்கன இருந்தும் சொல்லலாம்லா?"

ஹஜ்ரத் தாடிக்குள் சிரித்தார். நான் அன்றைக்குத்தான் பார்த்தேன், ஒரு மனிதர் தோற்பதில் இவ்வளவு சந்தோஷப்படுவதை.

ஆனால் ஹால் அவருடையது இல்லை. ஜமாஅத்துடையது. ஜமாஅத் தலைவர் வத்தல் மண்டி காசீம் மாமா. உனக்கு முறைக்கு மாமா இல்லை, தெருவுக்கே மாமா. அவரிடம் போனதும் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். பெண்பிள்ளைகளுக்குத் தனி நாள் எதற்கு, தனிக் கிதாப் எதற்கு, ஒரு நாள் லீவில் வீட்டு வேலை பார்க்கட்டும். காசீம் மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "கிதாபக் கொண்டாந்து காட்டு. சரியா இருந்தா ஹால் தாரேன். இல்லன்னா இந்தப் பேச்ச விட்டுரணும்," என்றார்.

*

அந்தப் புத்தகத்தைச் செய்த நாட்கள்.

கடையில் கிடைத்த பாடப் புத்தகங்கள் நமக்கு ஆகவில்லை. பழையவற்றில் விளக்கமெல்லாம் அரபுத் தமிழில் இருந்தது. தமிழ்ப் பேச்சு, அரபி எழுத்து. உம்மா அதைச் சரளமாக வாசிப்பார்கள். ரேஷன் கடையில் அதே உம்மா கைநாட்டு. பிள்ளைகளுக்கோ அந்த எழுத்தே இனிமேல்தான் தெரிய வேண்டும்.

ஹஜ்ரத் நாணல் பேனாவால் அரபி வரிகளை எழுதித் தந்தார். அடியில் நான் தமிழில் எழுதினேன். நீ சொல்லச் சொல்ல. ஒவ்வொரு எழுத்தின் ஒலியும் எங்கே பிறக்கிறது என்று சொல்ல வேண்டும். தொண்டையின் அடி, நடு, நுனி என்று ஹஜ்ரத் சொன்னார். நீ மண்டையை ஆட்டிவிட்டு என்னிடம் திரும்பி, "இப்படி எழுதுட்டி," என்றாய்.

'சூடான கூழ் நாக்கில் பட்டதும் ஹா என்போமே, அந்த ஹா.'

'வத்தல் வறுக்கும் நெடி ஏறியதும் தொண்டையைக் காறுவோமே, அந்தக் கா.'

ஹஜ்ரத் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எந்தக் கிதாபுலயும் இல்லாத வெளக்கம்மா இது," என்றார். பிறகு தானே கூழ் குடித்ததுபோல் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். சரியாகத்தான் வந்தது.

எல்லா ஒலியையும் முதலில் என்னிடம்தான் சோதித்தாய். "ஒனக்கே வந்துட்டா எவளுக்கும் வந்துரும்." அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏட்டி கோதை, தொண்டையில முள்ளு மாட்டிருச்சா? சோத்த உருட்டி முழுங்கு," என்றாள்.

ஊருக்குள் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் ஒரு சின்ன பிரஸ். முதலாளி மிச்சத் தாளில் அடித்துத் தர ஒத்துக்கொண்டார். அரபி வலமிருந்து இடமாகப் போகும், புத்தகம் வலப்பக்கம் தைக்கப்பட வேண்டும் என்று அவரிடம் சொன்னோம். அதற்காகத்தான் ஹஜ்ரத் ஒவ்வொரு பக்கத்திலும் வலப்பக்கம் அகலமாக இடம் விட்டு எழுதியிருந்தார். முதலாளி தலையாட்டினார். தைக்கிறவரிடம் சொல்ல மறந்துவிட்டார்.

தைக்கிறவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. கடைகளுக்குக் கணக்குப் புத்தகம் தைக்கும் கை. சனிக்கிழமை சாயங்காலம் போனோம். மறுநாள் காசீம் மாமா ஹாலுக்கு வருவதாக இருந்தது.

"வாங்க பாப்பா, வாங்க. எழுதுனவரு ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டாரு," என்றார் அண்ணாச்சி.

"என்ன அண்ணாச்சி?"

"தாளு பூரா வலப்பக்கம் எடம் விட்டிருக்காரு. அப்படியே தச்சா பொஸ்தகம் பின்னாலருந்துலா தொறக்கும்? பாத்துக்கிட்டு நான் சும்மா இருப்பனா? அம்புட்டையும் எடப்பக்கம் தச்சு நேராக்கிட்டேன். ரெண்டு நாளா வேற வேலயத் தொடல, பாத்துக்கிடுங்க."

அடுக்கி வைத்திருந்தார். எல்லாப் பிரதியும். ஒன்றை எடுத்துத் திறந்தேன். இடப்பக்கம் இடம் இல்லாததால் ஒவ்வொரு அரபி வரியின் கடைசி எழுத்தும் தையலுக்குள் போய்விட்டது. மேலே இருந்த முதல் பிரதியின் நான்கு மூலைகளிலும் மஞ்சள்.

"சாமி பொஸ்தகம்னு சொன்னாவ. மொத பொஸ்தகத்த மஞ்ச வைக்காமக் குடுக்க மனசு வரல," என்றார்.

அவர் முகத்தை நீ பார்த்தாய். நான் வாயைத் திறப்பதற்குள் என் கையை அழுத்தினாய். "ரொம்ப மெனக்கெட்டிருக்கிய அண்ணாச்சி," என்றாய்.

ரிக்ஷாவில் கட்டுகளை ஏற்றிக்கொண்டு தெரு திரும்பியதும் நான் கத்தினேன். "ஏன் சொல்லல? அவரே பிரிச்சுத் தச்சிருப்பாருல்லா?"

"நாளைக்குள்ள தைக்க முடியுமா அவரால? சொன்னா ராத்திரிக்குச் சாப்பிடாமப் படுப்பாரு, அவ்வளவுதான்." கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாய்: "அவருக்கு அதுதான்ட்டி நேர். நமக்கு இது நேர். யாரத் தப்புச் சொல்ல?"

பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம் நாங்கள் இதைப் பற்றித்தான் தடித்தடியான புத்தகங்கள் படித்தோம். நீ ரிக்ஷாவில் சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாய். அப்போதுதான் நீ அழுதுகொண்டிருந்தது தெரிந்தது.

*

ஞாயிறு மத்தியானம். பிள்ளைகள் ஹாலுக்கு வந்துவிட்டார்கள். குளித்து, எண்ணெய் வைத்து, விரல் நுனியில் மட்டும் போகாத மருந்துச் சிவப்போடு. நீ கட்டுகளைப் பிரித்து நடுவில் வைத்தாய். நடந்ததை அப்படியே சொன்னாய். சாயங்காலம் மாமா வருவார், இந்தப் புத்தகத்தைப் பார்த்தால் ஹால் கிடையாது என்றும் சொன்னாய்.

முதலில் எழுந்தவள் சபுரா. அன்றைக்கு அவளுக்குப் பத்து வயது இருக்குமா? ஒரு புத்தகத்தை எடுத்து முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு உன்னிடம் திரும்பினாள்.

"லாத்தா, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கிய? இது பெட்டி ஒட்டுறத விட லேசுலா?"

அவ்வளவுதான். கம்பெனியில் உட்காருவதுபோல் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி நூலை அறுத்தாள். ஒருத்தி தாளைத் தட்டிச் சேர்த்தாள். ஒருத்தி குத்தூசியால் வலப்பக்கம் துளை போட்டாள். அட்டையை முதுகில் வெட்டி, புதுத் தையலின்மேல் தீப்பெட்டிக்கு ஒட்டும் நீலத்தாளைச் சுற்றி ஒட்டினார்கள். யார் வீட்டிலிருந்து பசைச் சட்டி வந்தது, யார் வீட்டிலிருந்து நீலத்தாள் வந்தது என்று தெரியவில்லை. நானும் ஒரு ஊசியை எடுத்தேன். "யக்கா, ஒங்க வேகத்துக்கு அடுத்த ரமலான்தான்," என்று சபுரா பிடுங்கிக்கொண்டாள். எனக்குப் பசை கலக்கும் வேலை கிடைத்தது.

நீ நடுவில் நின்று எழுத்துகளைச் சொன்னாய். அவர்கள் தைத்துக்கொண்டே திருப்பிச் சொன்னார்கள். புத்தகம் எந்தப் பக்கம் திறக்கும் என்பதை அந்தப் பிள்ளைகளுக்குப் பிறகு சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மாலைத் தொழுகை முடிந்து காசீம் மாமா வந்தார். கூட ஹஜ்ரத், ஜமாஅத்தில் இன்னும் இரண்டு பேர். மஞ்சள் வைத்த பிரதியை அடியில் மறைக்கும்படி நான் உன் காதில் சொன்னேன். நீ அதைத்தான் எடுத்து அவர் கையில் கொடுத்தாய். ஏன் அப்படிச் செய்தாய்? பிறகு எத்தனையோ தடவை கேட்டும் நீ சொல்லவில்லை.

மாமா வலப்பக்கம் திறந்தார். பக்கங்களைத் திருப்பினார். இடது ஓரத்துத் துளைகளை விரலால் தடவினார்.

"இது என்ன ஓட்ட?"

நீ சொன்னாய். பைண்டர், இடது, வலது, பிள்ளைகள், எல்லாம். அவர் புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனார்.

"மஞ்ச யாரு வெச்சா?"

"தச்ச அண்ணாச்சி மாமா. சங்கரலிங்கம்."

கூட வந்தவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். "இருந்தாலும் ஓதுற கிதாபுல போயி..."

"ஏன், கொழம்புல தெனம் திங்கியே, அப்பச் சொல்ல வேண்டியதுதான?" மாமா இன்னொரு தடவை முகர்ந்தார். "நல்ல சரக்கு. வெரலி மஞ்ச. அந்த மனுசன்தான் என் மண்டிக்கும் கணக்குப் பொஸ்தகம் தைக்காரு. அதுலயும் வருசா வருசம் இருக்கும்."

பிறகு நீ தேர்ந்தெடுக்காத ஒரு பக்கத்தைத் திறந்து சபுராவிடம் நீட்டினார். அவள் வாசிக்கவில்லை, அவளுக்கு இன்னும் தெரியாது. ஆனால் வரியில் விரலை வலமிருந்து இடமாக வைத்துக்கொண்டு போய், மத்தியானம் முழுக்கத் தைக்கும்போது கேட்ட எழுத்துகளை மட்டும் கண்டுபிடித்துச் சொன்னாள். தெரியாத இடத்தில், "இது இனிமேத்தான் மாமா," என்றாள்.

"சரி," என்றார் மாமா. "பொழுது அடையறதுக்குள்ள, மகரிபுக்கு முன்ன புள்ளைகள வீட்டுல சேத்துரணும். ஹாலப் பெருக்கி வெச்சிட்டுப் போகணும்."

அவ்வளவுதான் உத்தரவு. வேறு எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

*

அடுத்து வந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு ஞாயிறுகள் மட்டும்தான் நினைவிருக்கின்றன.

கம்பெனியில் கணக்கப்பிள்ளை கேட்டாராம்: "என்னட்டி முணுமுணுப்பு? மந்திரம் போடுதியளா?" "பாடம் அண்ணாச்சி. சட்டம் வேகமா நெறையும்." உண்மையிலேயே நிறைந்தது. அவர் விட்டுவிட்டார். ஆறு மாதத்தில் சபுராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடுக்கிய மாரியம்மாவுக்கும் எல்லா எழுத்தும் மனப்பாடம். கோயில் கொடை விழாவுக்குப் போன இடத்தில் அவள் அதை முணுமுணுத்து அவள் அம்மாவிடம் அடி வாங்கினாள். மறு ஞாயிறு நீ அவள் வீட்டுக்கே போய்ச் சிரித்துப் பேசிச் சமாதானம் செய்தாய். திரும்பி வரும்போது அவர்கள் கொடுத்த சுண்டல் உன் கையில் இருந்தது.

கடைசி அரைமணி நேரத்தை எனக்குக் கொடுத்தாய். "தமிழும் படிக்கட்டும்ட்டி. பஸ்சு போர்டு தெரியாம எந்த ஊருலயாவது போயி எறங்கிட்டு நிக்கும்." உனக்கும் சேர்த்துத்தான் சொன்னாய். கடைசி வரிசையில் உட்கார்ந்து நீயும் எழுதினாய். உன் 'ழ' மட்டும் கடைசிவரை வளையவில்லை.

கல்யாணமாகி விளாத்திகுளம் போன பிறகும் ஞாயிறு காலை பஸ்ஸில் வந்து இறங்குவாய். ஒரு ஞாயிறு வந்தபோது உன் கண் மஞ்சளாக இருந்தது. வெயில் என்றாய். கீழாநெல்லி, பத்தியம், பிறகு பெரிய ஆஸ்பத்திரி. நான் பார்க்க வந்த அன்று, "இன்னைக்கு என்ன கெழமை?" என்று கேட்டாய். வியாழன் என்றேன். "அப்ப நாளு இருக்கு," என்றாய்.

நம் தெருவிலிருந்து உன்னை எடுத்துக்கொண்டு போனபோது ஆண்கள் போனார்கள். உன் உம்மாவும் நானும் வாசலில் நின்றோம். தெருமுனையில் திரும்பியதும் ஒன்றும் தெரியவில்லை. அம்மா தெலுங்கில் ஏதோ சொல்லி அழுதாள். உன் உம்மாவுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. அவள் தோளில்தான் சாய்ந்தார்கள்.

*

இப்போது இங்கே நடப்பதைச் சொல்கிறேன்.

பழைய ஹஜ்ரத் வயதாகி ஊருக்குப் போய்விட்டார். புதியவர் சின்ன வயது, நிறையப் படித்தவர். சென்னையிலிருந்து புதுப் பாடப் புத்தகங்கள் வரவழைத்திருக்கிறார். வழவழப்பான தாள், கலர்ப் படங்கள். சபுராவிடம் ஒன்று இருக்கிறது. இது கதவு, இது ஜன்னல், இது என் வீடு என்று பிள்ளைகள் அரபியில் சொல்கிறார்கள். பொருள் தெரிந்து சொல்கிறார்கள், மைனி. உனக்குப் பொறாமையாக இருக்குமா? எனக்கு இருக்கிறது, உனக்காக. ஆனாலும் அந்தப் புத்தகத்தில் கூழ் இல்லை. ஹா வரும்போது சபுரா நம்முடையதைத்தான் எடுக்கிறாள்.

நம்முடையதை மறுபடி அடித்தோம். சங்கரலிங்கம் அண்ணாச்சிதான் தைத்தார். அவருக்கு எப்போது, யார் சொன்னார்களோ. "இத வலப்பக்கந்தான் தைக்கணும். வெவரம் தெரியாதவன்ட்ட குடுத்தியன்னா கெடுத்துருவான்," என்று எனக்கே பாடம் எடுத்தார். முதல் பிரதியில் மஞ்சள் இருந்தது.

வகுப்புக்கு வந்த ஆபத்து வேறு. நீ இல்லாமல் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. புது ஹஜ்ரத்தின் மனைவிக்குக் கைக்குழந்தை. சபுராதான் ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் குர்ஆனைப் பாதிதான் ஓதியிருந்தாள், நீ விட்ட இடம் வரைக்கும். ஓதி முடிக்காதவள் ஹாலில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு ஓதிக்கொடுப்பது முறையில்லை என்று ஜமாஅத்தில் பேச்சு வந்தது. காசீம் மாமா இப்போது படுக்கையில் இருக்கிறார், அவர் சொல் எடுபடவில்லை. ரமலான் வரை பார்ப்போம், அதற்குள் அவள் முடிக்காவிட்டால் ஹாலைப் பூட்டிவிடலாம் என்றார்கள்.

சபுரா இன்னும் அதே வேனில்தான் போகிறாள். பொழுது இறங்கி வருவாள். கை கால் கழுவிக்கொண்டு நேரே ஹஜ்ரத் வீட்டுக்குப் போவாள். தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே ஹஜ்ரத்தின் மனைவி கேட்பார். அசந்து தூங்கி விழுந்திருக்கிறாள். முழு நாள் குச்சி அடுக்கிய விரல் வரி மாறிப் போவதை நானே பார்த்தேன். "இன்னைக்கு வேண்டாம்டி, போய்ப் படு," என்றேன். "அப்படி ஒரு நாள் விட்டுத்தான லாத்தாவுக்குப் பன்னெண்டு வருசம் போச்சு?" என்றாள். அவளிடமும் சொல்லியிருக்கிறாய்.

போன வெள்ளிக்கிழமை முடித்துவிட்டாள். கடைசி அத்தியாயத்தை ஓதும்போது தெருப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். என் அம்மாவும். ரமலானுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஹால் பூட்டப்படாது.

ஓதி முடித்தால் ஓதிக்கொடுத்தவருக்குச் சேலை வைத்துக் கொடுப்பது உங்கள் வழக்கம். ஹஜ்ரத்தின் மனைவிக்கு ஒன்று கொடுத்தாள். இன்னொன்றும் எடுத்திருந்தாள். கத்தரிப்பூ நிறம், சின்னக் கரை. அதைத் தாம்பாளத்தில் வைத்து உன் உம்மாவின் முன்னால் நீட்டினாள்.

"இது லாத்தாவுக்கு எடுத்தது. நீங்க வாங்கிக்கிடணும், உம்மா."

உம்மா சேலையைப் பிரித்தார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். கரையை விரலால் அளந்தார்கள். எல்லோரும் அழுவதற்குத் தயாராக இருந்தோம்.

"நான் கட்டுற கலராட்டி இது?" என்றார்கள்.

சபுரா முழித்தாள். உம்மா எழுந்து அந்தச் சேலையை அவள் தாவணிக்கு மேலேயே தோளில் போட்டு, மடிப்பை நீவி விட்டார்கள். "ஞாயித்துக்கெழம இதக் கட்டிட்டுப் போ. தாவணியோட போயி நின்னா எந்தப் புள்ள ஒனக்குப் பயப்படும்? சொல்லிக் குடுக்குற ஒஸ்தாதுன்னா ஒஸ்தாது மாரி இருக்க வேண்டாமா?"

சபுரா அப்போதுதான் அழுதாள். உம்மா அழவில்லை. அம்மாவிடம் திரும்பி, "மைனி, இவளுக்குச் சேல கட்டச் சொல்லிக் குடுங்க. சட்டம் அடுக்கத் தெரிஞ்ச அளவுக்குக் கொசுவம் வைக்கத் தெரியாது இவளுக்கு," என்றார்கள்.

நேற்று ஞாயிறு. கட்டிக்கொண்டு வந்தாள். கொசுவம் ஒரு பக்கம் சரிந்துதான் இருந்தது. சின்னப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள், மைனி. யாரும் சொல்லாமல்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அருப்புக்கோட்டை என்று ஒரு பேச்சு, கடற்கரைப் பக்கம் என்று ஒரு பேச்சு. உன் கல்யாணத்தில் நகையும் பாத்திரமும் பேசி முடித்த பிறகு, தட்டு மாற்றும் நேரத்தில், "ஞாயித்துக்கெழம மட்டும் என்ன அனுப்பிரணும்," என்று உள்ளேயிருந்து உன் குரல் வந்ததே, நினைவிருக்கிறதா? பெண் வாயைத் திறந்துவிட்டாள் என்று மாப்பிள்ளை வீட்டார் திகைத்துப்போனார்கள். சபுராவுக்கு உன் வாய் உண்டு, ஆனால் அந்த நேரத்தில் அடங்கிவிடுவாள். எனக்கு அவளைத் தெரியும்.

அதனால் நான் பேசுவேன். நிச்சயத்துக்கு முதல் ஆளாகப் போய் உட்காருவேன். எந்த ஊர் மாப்பிள்ளையாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமையை எழுதி வாங்காமல் எழுந்திருக்க மாட்டேன். நீ யார் கேட்க என்று அவர்கள் கேட்டால், பெண்ணின் ஒஸ்தாதுக்கு நான் மைனி முறை என்று சொல்வேன்.

என்றைக்கும் உன் மைனி,
கோதை